இணையவழிக் கல்லூரி விரிவுரையாளரிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன? சிங்கப்பூரில் கற்பிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பல்கலைக்கழகமோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ உங்களைப் பகுதிநேர விரிவுரையாளராக நியமித்து, பாடத்தின் பெரும்பகுதியை இணையம்வழி நடத்தச் சொல்லியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடப்பொருளில் உங்களுக்குத் தேர்ச்சி உண்டு. வகுப்பறையில் கற்பித்த அனுபவமும் இருக்கலாம். ஆனால் இணையவழிப் பாடத்தில் உங்களை இரண்டு தரப்பினர் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். தாம் கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறாரா, எப்போது சொல்வார் என்பதே மாணவரின் கவலை. பாடம் ஒப்புக்கொண்டபடி நடந்ததா, அதற்குப் பதிவு இருக்கிறதா என்பது நிறுவனத்தின் கவலை. இரண்டையும் தீர்க்க வழி ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து: எதை, எந்த நாளுக்குள், எந்த வழியாகச் செய்வீர்கள் என்பதை முதல் வாரத்திலேயே எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதன்படி நடக்க வேண்டும். இணைய வகுப்புகளில் எழும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை கற்பித்தலின் தரத்தால் எழுவதில்லை. சொல்லாமல் விட்டதாலும், சொன்னதைத் தள்ளிப்போட்டதாலும் எழுகின்றன.

உங்கள் மாணவர்கள் யார்?

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் எனப்பட்ட கொவிட்-19 முடக்கநிலை நடப்பில் இருந்தபோது சிங்கப்பூரின் எல்லாக் கல்வி நிலையங்களும் ஒரே நேரத்தில் இணையத்துக்கு மாறின. அப்போது மாணவர்கள் பலவற்றைப் பொறுத்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. கட்டணம் செலுத்திச் சேர்ந்த பாடம் முறையாகத் திட்டமிடப்பட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பது நியாயமே.

பகுதிநேரப் படிப்புகளில் இந்த எதிர்பார்ப்பு இன்னும் கூர்மையானது. 2005இல் சிம் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 2017இல் நாட்டின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமான சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு உட்படப் பல படிப்புகளை வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் ஏராளம். 2024 மே மாதத்திலிருந்து 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 4,000 வெள்ளி கூடுதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை (திறன் பயிற்சிக்கு அரசு தரும் உதவி) கிடைத்திருப்பதால், இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் மாணவராகிறவர்களையும் உங்கள் வகுப்பில் காண்பீர்கள். அலுவலகத்திலிருந்து புறப்பட்டு, கிழக்கு மேற்கு எம்ஆர்டி தடத்தில் நெரிசலில் நின்றபடி, காதில் ஒலிவாங்கியோடு கூடிய செவிப்பொறியை மாட்டிக்கொண்டு, ஏழு மணி வகுப்பின் முதல் அரை மணி நேரத்தைக் கைப்பேசியில் கேட்கிற ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் படவில்லையின் (ஸ்லைடின்) சிறிய எழுத்துகள் தெரியாது. நீங்கள் வாய்விட்டுச் சொல்வது மட்டுமே போய்ச் சேரும். ஆகவே முக்கியமான அறிவிப்பு எதையும் முதல் அரை மணி நேரத்தில் சொல்லாதீர்கள்; சொல்லியே ஆக வேண்டுமென்றால் வகுப்பு முடிந்ததும் பாடத்தின் இணையக் கற்றல் தளத்தில் எழுத்தாகவும் இடுங்கள்.

தேசிய சேவையை முடித்த ஆண்களுக்குப் படைமுகாம் பயிற்சி அழைப்பு வரும். அந்த நாள்களில் அவர்களால் மடிக்கணினியைத் திறக்கவே முடியாமல் போகலாம். அழைப்பு கைக்குக் கிடைத்ததுமே தேதிகளை உங்களுக்கு எழுதுமாறு பருவத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டால், கடைசி நேரக் கெஞ்சலும் மறுப்பும் இரு பக்கமும் இல்லாமற்போகும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை

நியமனக் கடிதத்தில் கற்பிக்கும் மணி நேரமும் ஊதியமும் இருக்கும். இணையவழிப் பாடத்தின் உழைப்போ பெரும்பாலும் அந்த மணி நேரத்துக்கு வெளியே நடப்பது: கலந்துரையாடல் பகுதியில் பதில் எழுதுதல், ஒப்படைப்புகளைத் திருத்துதல், காணொளி பதிவுசெய்தல். நாற்பது மாணவர்களின் ஒப்படைப்புகளை ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் செலவிட்டுத் திருத்தினால் அது பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலான வேலை. இதற்குத் தனி ஊதியம் உண்டா, அல்லது வகுப்பு ஊதியத்திலேயே அடங்கியதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கணக்கிடப்படாத உழைப்பு கடைசியில் அவசரக் கருத்துரையாக மாணவர் தலையில்தான் விடியும். நிறுவனங்கள் இதை உணர்ந்து ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுத வேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம்.

பாட ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மாணவர் கேள்விக்கு எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று நிறுவனம் வரையறுத்திருக்கிறதா, திருத்திய ஒப்படைப்பை எப்போது திருப்பித் தர வேண்டும், வகுப்பைப் பதிவுசெய்வது கட்டாயமா, தாமத ஒப்படைப்புக்கு மதிப்பெண் குறைப்பு எவ்வளவு ஆகியவற்றைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கால நீட்டிப்பு தரும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா, துறை அலுவலகத்திடம் இருக்கிறதா என்பது. அதிகாரம் இல்லாத ஒன்றை மாணவருக்கு வாக்களித்துவிட்டால் அதிலிருந்து மீள்வது மிகக் கடினம்.

நாள்காட்டியையும் அப்போதே விரித்துவைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாள்கள் உள்ளன. தீபாவளிக்கு முந்தின இரவு ஒப்படைப்பின் இறுதிநாளாக அமைந்துவிட்டால் உங்கள் தமிழ் மாணவர்கள் பாதிக்கப்படுவார்கள்; நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாளும் சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாளும் அப்படியே. தேதியை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லாவிட்டாலும், பருவம் தொடங்குமுன் சுட்டிக்காட்டினால் மாற்றிக்கொடுக்க வாய்ப்புண்டு.

முதல் வாரம்

பாடப் பக்கத்தை மாணவர் முதன்முதலாகத் திறக்கும்போது அங்கே உங்கள் பெயரும், படமும், ஒரு வரவேற்பு அறிவிப்பும் இருக்க வேண்டும். கேன்வாஸ், பிளாக்போர்ட், பிரைட்ஸ்பேஸ் என்று தளம் எதுவானாலும் அறிவிப்புப் பகுதி உண்டு. அங்கே இட வேண்டிய செய்தி சுருக்கமாக, தேதிகளோடு இருக்கட்டும். ஒரு மாதிரி:

“வணக்கம். வேலைநாள்களில் நீங்கள் அனுப்பும் கேள்விகளுக்கு அடுத்த வேலைநாள் இரவு 9 மணிக்குள் பதில் கிடைக்கும். சனி, ஞாயிறு அனுப்பினால் திங்கட்கிழமை இரவுக்குள் பதில் எழுதுவேன். பாடம் பற்றிய கேள்விகளைக் கலந்துரையாடல் பகுதியில் கேளுங்கள். பதில் எல்லாருக்கும் பயன்படும். உடல்நலம், குடும்பச் சூழல், மதிப்பெண் ஆகியவை பற்றி மின்னஞ்சலில் எழுதுங்கள். முதல் ஒப்படைப்பின் மதிப்பெண்ணும் கருத்துரையும் இறுதிநாளுக்குப் பின் 15 வேலைநாள்களுக்குள் வந்துவிடும்.”

இதில் உள்ள எண்களை உங்கள் நிறுவன விதிக்கும் உங்கள் வாழ்க்கைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் காப்பாற்ற முடிந்த எண்ணை மட்டுமே எழுதுங்கள். இரண்டு மணி நேரத்தில் பதில் தருவதாகச் சொல்லிவிட்டு இரண்டு நாள் எடுப்பவரைவிட, இரண்டு நாள் என்று சொல்லி அதைத் தவறாமல் கடைப்பிடிப்பவரையே மாணவர்கள் நம்புகிறார்கள். முழுப் பதிலுக்கு நேரம் தேவைப்பட்டால், “உங்கள் கேள்வி கிடைத்தது, வியாழக்கிழமை விரிவாக எழுதுகிறேன்” என்று ஒரு வரி போதும்; மாணவரின் பதற்றம் பெருமளவு அங்கேயே தணிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் எழும். மாணவர்கள் தமக்குள் தொடங்கிக்கொள்வது அவர்கள் விருப்பம். நீங்கள் தொடங்குவதையும் அதில் அதிகாரபூர்வ அறிவிப்பு தருவதையும் தவிர்ப்பது நல்லது. குழுவில் சேராத மாணவருக்கு அறிவிப்பு போகாது. நிறுவனத்திடம் பதிவு இருக்காது. ஒருவர் அனுமதியின்றி அவருடைய கைப்பேசி எண் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டிலிருந்தே இங்கு உண்டு. அரசு அமைப்புகளாக இயங்கும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்குத் தனி விதிகள் உள்ளன. எந்த விதியின்கீழ் உங்கள் நிறுவனம் வந்தாலும், மாணவர்களின் மதிப்பெண் பட்டியலையோ மருத்துவச் சான்றிதழையோ தனிப்பட்ட குழுவில் பகிர்வதற்கு இடமில்லை.

நேரலையும் பதிவும்

நேரடி வகுப்பில் மாணவர்கள் எதிர்பார்ப்பது, அந்த நேரத்துக்கு அங்கே வந்ததால் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றை. படவில்லைகளை வாசிப்பதற்கு மூன்று மணி நேரம் தேவையில்லை. விளக்கவுரையைச் சிறு காணொளிகளாக முன்பே பதிவுசெய்து தளத்தில் இட்டுவிட்டு, நேரடி வகுப்பைக் கேள்விக்கும் குழுப்பணிக்கும் மாதிரி விடைகளை அலசுவதற்கும் ஒதுக்குங்கள். காணொளியின் நீளம் குறித்து 2014இல் பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் 69 இலட்சம் பார்வைகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வு தெளிவானது: ஆறு நிமிடத்துக்குட்பட்ட காணொளிகளையே மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்த்தார்கள். ஒரு கருத்துக்கு ஒரு காணொளி என்று வைத்துக்கொண்டால் இந்த அளவுக்குள் பெரும்பாலும் அடக்கிவிடலாம். பிறகு திருத்த நேர்ந்தாலும் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

கேமராவை இயக்கியே ஆக வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தம்பி தங்கைகளோடு ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்பவருக்கு அது சங்கடம் தரும். அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டிய தேர்விலும் வாய்மொழி மதிப்பீட்டிலும் மட்டும் கேட்டு, அதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். முகத்தைப் பார்க்காமலே கவனத்தை அறிய உரையாடல் பெட்டியும் சிறு வாக்கெடுப்புகளும் போதுமானவை.

தமிழில் பாடம் நடத்துவோருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. 1997இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நெட் 97 கருத்தரங்கு நடந்த ஊர் இது, நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட ஊர். இருந்தும், பள்ளியில் மற்றப் பாடங்களையெல்லாம் ஆங்கிலத்தில் படித்து வந்த மாணவர் பலர் நீண்ட கட்டுரையைத் தமிழில் தட்டச்சு செய்து பழகியிருக்க மாட்டார்கள். அஞ்சல், தமிழ்99 ஆகிய விசைப்பலகைகளில் ஒன்றைக் கணினியில் நிறுவுவது எப்படி என்று முதல் வாரத்திலேயே காட்டுங்கள். ஒப்படைப்பை யூனிகோடில் எழுதிப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துரு உடைந்து கட்டங்களாகத் தெரியும் கோப்பை இறுதிநாள் நள்ளிரவில் பெறுவது மாணவருக்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம். மதிப்பெண் இல்லாத ஒரு பத்தியை முதல் வாரத்தில் எழுதி அனுப்பவைத்தால் இந்தச் சிக்கல் முழுவதும் அப்போதே வெளிப்பட்டுவிடும்.

கருத்துரைதான் மையம்

2000ஆம் ஆண்டில் கனடாவின் ரேண்டி கேரிசன், டெர்ரி ஆண்டர்சன், வால்டர் ஆர்ச்சர் மூவரும் இணையவழிக் கற்றலில் மூன்று வகை இருப்பைப் பிரித்துக் காட்டினார்கள்: அறிவுசார் இருப்பு (சிந்தித்துப் பொருள் காண்பது), சமூக இருப்பு (ஒருவரையொருவர் மனிதராக உணர்வது), கற்பித்தல் இருப்பு (ஆசிரியர் பாடத்தை வடிவமைத்து வழிநடத்துவது). உங்கள் கற்பித்தல் இருப்பை மாணவர் மிக நெருக்கமாக உணரும் இடம் அவருடைய ஒப்படைப்பின் ஓரத்தில் நீங்கள் எழுதும் கருத்துரைதான். வகுப்பில் நூறு பேருக்குப் பேசுகிறீர்கள். அங்கே ஒருவருக்கு மட்டும் பேசுகிறீர்கள். ஆர்தர் சிக்கரிங், ஜெல்டா கேம்சன் இருவரும் 1987இல் வகுத்த நல்ல கற்பித்தலின் ஏழு நெறிகளில் உடனுக்குடன் கருத்துரை தருவதும் ஒன்று. உடனுக்குடன் என்றால் அடுத்த ஒப்படைப்பில் பயன்படுத்திக்கொள்ளும் காலத்துக்குள் என்று கொள்ளுங்கள். இரண்டாம் ஒப்படைப்பை அனுப்பியபின் முதலாவதன் கருத்துரை வந்தால் அது எவ்வளவு சிறந்ததாயினும் வீண்.

“நன்று. இன்னும் ஆழம் தேவை” என்று எழுதுவது கருத்துரை ஆகாது. சங்க அகப்பாடல் பற்றிய ஒரு கட்டுரைக்கு இப்படி எழுதலாம்: “முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்று இரண்டாம் பத்தியில் சரியாகச் சொல்கிறீர்கள். ஆனால் எடுத்துக்காட்டிய பாடலில் கார்காலம் வந்ததை மட்டும் காட்டி நிறுத்திவிட்டீர்கள். தலைவி காத்திருப்பதைச் சொல்லும் அடி எது? அடுத்த கட்டுரையில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் அடியைச் சான்றாகத் தந்து, அது உங்கள் கூற்றை எப்படி நிறுவுகிறது என்று ஒரு வாக்கியம் சேருங்கள்.” சரியாகச் செய்தது எது, குறை எந்த இடத்தில், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இதில் உள்ளன. மதிப்பீட்டு அளவுகோலை ஒப்படைப்போடு சேர்த்தே வெளியிட்டு, கருத்துரையில் அதே சொற்களைப் பயன்படுத்தினால், மதிப்பெண் குறித்த முறையீடு வந்தாலும் உங்கள் தீர்ப்பை நிறுவனத்துக்கு விளக்குவது எளிது.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தபின், செயற்கை நுண்ணறிவு பற்றி வாய்திறக்காத ஒப்படைப்புத் தாள் முழுமையற்றது. எந்தப் பகுதிக்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பயன்படுத்தினால் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு ஒப்படைப்பிலும் எழுதுங்கள். கண்டறியும் மென்பொருள் காட்டும் விழுக்காட்டை மட்டும் வைத்து ஒருவர்மீது குற்றம் சாட்டாதீர்கள். ஐயம் எழுந்தால் வரைவுகளைக் கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் நேரில் பேசுங்கள், பிறகு நிறுவனத்தின் நடைமுறையிடம் ஒப்படையுங்கள். தவறான குற்றச்சாட்டு ஒரு மாணவரின் நம்பிக்கையை நிரந்தரமாக உடைத்துவிடும்.

நிறுவனத்துக்கு வேண்டியவை

வருகைப்பதிவு, தளத்தில் நீங்கள் நுழைந்த நாள்கள், மதிப்பெண் ஒப்படைத்த தேதி, மாணவர் கருத்தாய்வின் முடிவு ஆகியவற்றைக் கொண்டே நிறுவனம் உங்களை அறியும். அரசு மானியம் பெறும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிகளில் பொதுவாக 75 விழுக்காடு வருகை தேவைப்படுவதால், வருகைப்பதிவில் கவனக்குறைவாக இருந்தால் மாணவரின் பணமே போய்விடக்கூடும். தொலைபேசியில் ஒரு மாணவருக்குச் சலுகை அளித்தால் அன்றே ஒருவரி மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள். ஒருங்கிணைப்பாளருக்கும் நகல் அனுப்புங்கள்.

பதிப்புரிமையும் நிறுவனத்தின் கவலைகளில் ஒன்று. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படைப்புகளை இலாப நோக்கற்ற கல்வி நிலையங்கள் கற்பித்தலுக்குப் பயன்படுத்த இடமளிக்கிறது. மூலத்தையும் எடுத்த தேதியையும் குறிப்பிட வேண்டும். ஒரு நூலை முழுவதும் வருடித் தளத்தில் ஏற்றுவது இதில் அடங்காது. நூலகரைக் கேட்டால் உரிமம் பெற்ற மின்பதிப்பு இருக்கிறதா என்று தேடித் தருவார்.

இரண்டு தரப்பின் எதிர்பார்ப்புகளும் மோதும் நேரங்கள் வரும். தாயார் மருத்துவமனையில் இருக்கிறார் என்று ஒருவர் கால நீட்டிப்புக் கேட்பார், விதி இடம்தராது. அப்போது விதியை மீறவும் வேண்டாம், வெறுமனே மறுக்கவும் வேண்டாம். யாரிடம், எந்தப் படிவத்தில், எந்தச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும் என்று அன்றே சொல்லி, உங்கள் பரிந்துரையையும் அனுப்புங்கள். மனமுடைந்து எழுதும் மாணவரிடம் நீங்களே மனநல ஆலோசகராக முயல வேண்டாம்; அக்கறையோடு பதில் எழுதி, நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர மருத்துவ உதவிக்கான 995ஐ அழையுங்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 24 மணி நேர எண் 1767ஐ மாணவருக்குத் தாருங்கள்.

பருவத்தின் நடுவிலும் முடிவிலும்

நிறுவனத்தின் கருத்தாய்வு பருவ முடிவில்தான் வரும். அதனால் பயன்பெறுபவர்கள் அடுத்த ஆண்டு மாணவர்கள். நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்தில் நீங்களே பெயர் கேட்காத ஒரு சிறு படிவத்தை அனுப்பி, எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அடுத்த வகுப்பில் எதை மாற்றப்போகிறீர்கள், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்லுங்கள். மாற்ற முடியாததற்குக் காரணம் சொன்னால்கூட மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மதிப்பெண்களை ஒப்படைத்ததோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. முறையீட்டுக் காலம் முடியும்வரை திருத்திய பிரதிகளும் கருத்துரைகளும் கற்றல் தளத்தில் இருக்கட்டும். அதன்பின் உங்கள் சொந்தக் கணினியிலும் மேகச் சேமிப்பிலும் உள்ள மாணவர் பட்டியல், மருத்துவச் சான்றிதழ், ஒப்படைப்புகள் ஆகியவற்றை நிறுவன விதிப்படி அழித்துவிடுங்கள். எந்த வாரத்தில் மாணவர்கள் தடுமாறினார்கள், எந்தக் காணொளியைப் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும், எந்த இறுதிநாள் விடுமுறையோடு மோதியது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். அடுத்த பருவம் அந்தப் பாடத்தை எடுக்கப்போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.